பிடிக்காத இருவர் நின்றால்: ஓட்டா, நோட்டாவா, புறக்கணிப்பா?

2019 ஆகஸ்ட் 5 அன்று வேலூர் மக்களவைத் தொகுதிக்குத் தனியாக நடந்த தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141. நோட்டாவில் விழுந்தவை 9,417. நோட்டாதான் முடிவைத் தீர்மானித்தது என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி வராது. அந்த 9,417 பேரும் முதல் இருவரில் ஒருவருக்குப் போட்டிருந்தாலும், அவர்களில் குறைந்தது 8,780 பேர் இரண்டாமிடம் வந்த ஏ.சி.சண்முகத்துக்கே போட்டிருந்தால்தான் கதிர் ஆனந்தின் வெற்றி கவிழ்ந்திருக்கும். இரண்டு பக்கமும் வேண்டாம் என்று போனவர்களில் 100க்கு 93 பேர் ஒரே பக்கம் சாய்வார்களா? முடிவு உண்மையில் பூத் பக்கமே வராத ஏறக்குறைய 4 லட்சம் பேரிடம் இருந்தது. அவர்களில் யார் கோபத்தில் வரவில்லை, யார் பெங்களூரில் வேலையில் இருந்தார்கள், யார் இறந்த பிறகும் பட்டியலில் இருந்தார்கள் என்று எந்தப் படிவமும் பிரித்துக் காட்டாது. வீட்டிலேயே இருந்துவிடுவதை எதிர்ப்பு என்று நாங்கள் கணக்கில் எடுக்காததற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, வராதவர் பெயரில்தான் கள்ள ஓட்டு போடுவது சுலபம்.

நோட்டா இதைவிட மேல். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் கொடுத்த தீர்ப்பால் வந்தது. எண்ணிக்கை தனியாக அச்சில் வரும், ரகசியமும் காக்கப்படும். அதற்கு மாறாக, தேர்தல் நடத்தும் விதிகளில் உள்ள 49 ஓ (49-O) விதிப்படி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டுப் போட மறுப்பதாகச் சொன்னால் அறையில் இருக்கும் கட்சி ஏஜென்ட் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்த ஏஜென்ட் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். சின்ன ஊரில் அது பெரிய விஷயம்.

ஆனால் நோட்டாவின் பலம் அங்கேயே முடிகிறது. நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். டெபாசிட் தப்ப, செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். அந்தக் கூட்டலில் நோட்டா சேராது, ஆகவே யாருடைய டெபாசிட்டையும் அது காலி செய்யாது. மூன்றாவது கட்சிக்கோ சுயேச்சைக்கோ போடும் ஓட்டு சேரும். கட்சிக்குப் போட்டது என்றால், அதன் அங்கீகாரத்துக்கான சதவீதத்திலும் ஏறும். மனதுக்கு ஓரளவாவது ஒத்துவரும் மூன்றாமவர் இருந்தால் நோட்டாவைவிட அவரே மேல் என்பது எங்கள் கருத்து. இன்னொன்று: ஒரு இயந்திரத்தில் 16 பட்டன்தான். வேட்பாளர்கள் நிறைய இருந்தால் நோட்டா, கடைசி இயந்திரத்தில் கடைசிப் பெயருக்குக் கீழே இருக்கும். முதல் இயந்திரத்திலேயே தேடித் தடுமாற வேண்டாம்.

சரி, இருவரில் மோசம் குறைந்தவருக்கு எப்போது போடுவது? போட்டி நெருக்கமாக இருக்கும்போது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடியில் வித்தியாசம் 746, ஜோலார்பேட்டையில் 1,091. அந்த அளவில் ஒரு தெருவின் ஓட்டே முடிவைப் புரட்டும். 2024ல் வேலூர் மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 2,15,702. அவ்வளவு பெரிய இடைவெளி எதிர்பார்க்கப்படும் இடத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்வதால் எதுவும் நஷ்டமில்லை. நெருக்கத்தை முன்கூட்டி அறிய, பூத் வாரியாக ஓட்டு விவரம் தரும் படிவம் 20ஐப் பாருங்கள். கூட்டணி மாறியிருந்தால் பழைய வித்தியாசத்தை அப்படியே நம்பாமல், பிரிந்த கட்சி தனித்து நின்றபோது வாங்கியதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

யார் மோசம் குறைந்தவர் என்பதற்கு, வேட்பாளர் தன் வழக்கு, சொத்து விவரங்களைத் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் போதும், தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். வழக்கு எத்தனை என்று மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 188 பிரிவுகள் பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டத்தில் வந்தவை. 420 மோசடி. பாலாற்றுக்காக மறியல் செய்து பத்து வழக்கு வாங்கியவரும், ஒரே ஒரு மோசடி வழக்கு உள்ளவரும் சமமில்லை. சொத்து எவ்வளவு என்பதைவிட, போன தேர்தல் பத்திரத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு ஏறியது, வருமான வரிக் கணக்கு அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஊரே சேர்ந்து புறக்கணிப்பது தனி ரகம். குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஒரு பூத்தில் ஒரு ஓட்டும் விழாவிட்டாலும் அந்தக் காரணத்துக்காக மறுதேர்தல் வராது. அதன் பலமெல்லாம் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில்தான்: கறுப்புக் கொடி ஏறியதும் வட்டாட்சியர் பேச்சுவார்த்தைக்கு வருவார். வேலூர் மாவட்டத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளில் சாலைக் கோரிக்கை பெரும்பாலும் வனத்துறை அனுமதியில் சிக்கும். நன்னடத்தை விதி அமலில் இருக்கும்போது புதுத் திட்டம் அறிவிக்க முடியாது என்பதால், அங்கே கேட்கவேண்டியது வாய் உறுதி அல்ல. வன உரிமைச் சட்டம் 2006ன் பிரிவு 3(2), கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த வன நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டிச் சாலை போட வழி தருகிறது. அந்த விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் நகரும் என்பதைக் கையெழுத்தோடு கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் வாங்குங்கள். வாங்கியபின் எல்லோரும் போய் ஓட்டுப் போடலாம். அதற்குள் யாராவது உங்கள் ஓட்டைப் போட்டுவிட்டிருந்தால், 49 பி (49-P) விதிப்படி காகித வாக்குச்சீட்டு கேளுங்கள். அது உறையில் போகும், எண்ண மாட்டார்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைத் திறக்க உத்தரவிடலாம்.