விளம்பரமா, கட்டுரையா: முதல் வாடிக்கையாளர்களைத் தேடும் ஸ்டார்ட்அப்புக்கு எது தாங்கும்?

கேமரா, விளக்கு, ஒலிபெருக்கி போன்ற கருவிகளை வாடகைக்கு விடும் சிறு நிறுவனங்களுக்காக இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை நானும் என் கூட்டாளியும் உருவாக்கத் தொடங்கியபோது, தயாரிப்பைப் பற்றிய கருத்து வேறுபாடுகளைவிட, அதை உரியவர்களிடம் கொண்டு சேர்க்கும் வழியைப் பற்றிய வேறுபாடே எங்களுக்குள் பெரிதாக இருந்தது. கையிலிருந்த சொற்பப் பணத்தை இணைய விளம்பரத்தில் போடுவதா, அல்லது பயனுள்ள கட்டுரைகளை எழுதி வைத்து, தேடுபொறி வழியாக ஆட்கள் வந்து சேரும்வரை பொறுத்திருப்பதா என்பதுதான் கேள்வி. முதலில் விளம்பரத்தை முயன்றோம், பிறகு கட்டுரைக்கு மாறினோம், இன்றும் அந்த வழியிலேயே இருக்கிறோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் உடனே ஆட்களைக் கொண்டு வரும், கட்டுரை மாதக்கணக்கில் காக்க வைக்கும், பணத்தை நிறுத்தினால் விளம்பரமும் நின்றுவிடும் என்பவை எல்லாம் எல்லாரும் அறிந்தவை. அவற்றில் எனக்கு மறுப்பில்லை.

விளம்பரத்துக்கு உரிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும். கூகுள் தேடலில் ஒவ்வொரு முறையும் நடக்கும் ஏலத்தில், அதிகத் தொகை கேட்பவர் மட்டுமே வெல்வதில்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது, எத்தனை பேர் அதைச் சொடுக்கக்கூடும், சொடுக்கியபின் வந்து சேரும் பக்கம் எப்படி இருக்கிறது என்பவையும் கணக்கில் சேர்வதால், சிறு நிறுவனமும் பெரிய நிறுவனத்துக்கு மேலே இடம்பிடிக்க முடியும். இதை நம்பித்தான் நாங்களும் இறங்கினோம். முதல் வாரத்திலேயே நிறையச் சொடுக்குகள் வந்தன. ஆனால் ஒருவர்கூடக் கணக்குத் தொடங்கவில்லை. எந்தெந்தத் தேடல்களுக்கு எங்கள் விளம்பரம் காட்டப்பட்டது என்ற பட்டியலைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. கேமராவை வாடகைக்கு விடுபவர்களைத் தேடி நாங்கள் விளம்பரம் செய்திருக்க, கேமராவை வாடகைக்கு எடுக்க வந்தவர்களே வரிசையாக அதைச் சொடுக்கியிருந்தார்கள். இரு தரப்பாரும் தேடும்போது பயன்படுத்துவது ஏறக்குறைய அதே சொற்களைத்தான். 'ஒரு நாளைக்கு', 'அருகில்', 'மலிவு' என்று வேண்டாத சொற்களை ஒவ்வொன்றாக விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனோம். சேர்க்கச் சேர்க்கப் புதியவை முளைத்துக்கொண்டே இருந்தன.

இது எங்கள் கவனக்குறைவால் வந்த இழப்பு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் திறமையானவர்களுக்கும் இந்தக் கணக்கு பொய்த்ததுண்டு. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவையான டிராப்பாக்ஸ் தன் தொடக்க காலத்தில் தேடல் விளம்பரங்களை நம்பியபோது, 99 டாலர் சந்தாவை விற்க ஒரு வாடிக்கையாளருக்கு 233 முதல் 388 டாலர்வரை செலவானதாக அதன் நிறுவனர் ட்ரூ ஹூஸ்டனே பின்னர் பொதுவில் சொல்லியிருக்கிறார். நண்பரை அழைத்து வந்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் என்ற பரிந்துரைத் திட்டமே அந்த நிறுவனத்தை வளர்த்தது. மக்கள் ஒரு பொருளை அதன் பெயராலோ வகையாலோ இன்னும் தேடத் தொடங்காத நிலையில், தேடல் விளம்பரம் யார் முன்னால் போய் நிற்கும்?

ஆனாலும், செலவை வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. என்னை மாற்றியது பராமரிப்பு. ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதைத் தொடங்க என்ன ஆகும் என்று கேட்கிறோமே தவிர, அதை உயிரோடு வைத்திருக்க வாராவாரம் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அநேகமாகக் கேட்பதில்லை. சில வாரங்கள் முகநூல் விளம்பரத்தையும் முயன்றோம். அங்கே ஒரு விளம்பரத் தொகுப்பு யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டு நிலைபெற, ஒரு வாரத்துக்குள் சுமார் 50 பலன்கள் தேவை என்பது முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவே தரும் வழிகாட்டல். பலன் என்பதைக் கணக்குத் தொடங்குவது என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 10 பேர் வருவதே அரிதான நிறுவனம் அந்த எண்ணிக்கையை எங்கே எட்டுவது? அதோடு, விளம்பரத்திலோ இலக்கிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் செய்தால் அந்தக் கற்றல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். தொடக்க நிலையில் இருக்கும் தயாரிப்போ வாரத்துக்கு ஒரு முறை மாறுகிறது; இன்று முன்பதிவு நாள்காட்டியைச் சொல்லி விற்கிறோம், அடுத்த வாரம் சேதக் கணக்கைச் சொல்லி விற்கிறோம். தயாரிப்பு மாறுவதைத்தான் நாங்கள் விரும்பினோம், விளம்பரமோ மாறாமல் இருப்பதை எங்களிடம் எதிர்பார்த்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், செயலிகள் பயனரைப் பின்தொடர வெளிப்படையாக அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியைக் கொண்டு வந்தபின், பலன்களை அளப்பதே கடினமாகிவிட்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டுரைக்கும் பராமரிப்பு உண்டு, அது குறைவும் அல்ல. மென்பொருளின் ஒரு திரையை மாற்றினால், அந்தத் திரையின் படம் இடம்பெற்ற கட்டுரைகள் அனைத்தும் பழையதாகிவிடும். ஆனால் அந்த உழைப்பு போய்ச் சேருகிற இடம் வேறு. ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். கூகுளின் சர்ச் கன்சோல், எந்தத் தேடல்கள் வழியாக நம் பக்கங்கள் காட்டப்பட்டன, சொடுக்கப்பட்டன என்பதை 16 மாதங்கள்வரை வைத்திருந்து காட்டுகிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவுகளை ஒழுங்குபடுத்துவது பற்றி நாங்கள் அக்கறையோடு எழுதிய கட்டுரையை ஏறக்குறைய யாரும் தேடி வரவில்லை. அதன் கடைசியில், போகிற போக்கில், திரும்பி வரும் கருவியைச் சரிபார்ப்பது பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தோம். 'லென்ஸில் கீறல் இருந்தால் முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம்', 'வாடகைக் கருவி திரும்ப வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவை' போன்ற தேடல்கள் அந்தப் பத்தியின் தயவில் வந்துகொண்டிருந்தன. அந்தச் சொற்கள் எங்களுக்குத் தோன்றியவை அல்ல. ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரோடு வாதாடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் எழுதியவை.

அந்தப் பத்தியைத் தனிக் கட்டுரையாக்கி, கருவியைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் நிரப்பவேண்டிய ஒரு பக்கப் படிவத்தையும் இலவசமாக இணைத்தோம். மூடி, மின்கலம், கம்பி, நினைவக அட்டை என்று வரிசையாகக் கட்டங்கள், கீழே இரு தரப்புக் கையெழுத்து, அவ்வளவுதான். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து அதை இறக்கிக்கொண்டவர்களில் சிலர், இதையே கைப்பேசியில் புகைப்படத்தோடு செய்ய முடியுமா என்று பதில் எழுதினார்கள். இன்று எங்கள் மென்பொருளில் அதிகம் திறக்கப்படும் திரை அதுதான்; முதல் திட்ட வரைவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கட்டுரையைத் திருத்த உட்காரும் ஒவ்வொரு முறையும் தயாரிப்பைத் திருத்தக் காரணம் கிடைக்கிறது. விலக்குப் பட்டியலில் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்த இரவுகளில் எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

தேடுபொறியை நம்புவதும் பிறர் நிலத்தில் பயிரிடுவதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் கூகுள் செய்த மாற்றங்களில், 2011இல் பாண்டா என்ற பெயரில் வந்ததும், 2022 ஆகஸ்டில் தொடங்கிய பயனுள்ள உள்ளடக்கத்துக்கான மாற்றமும் பல தளங்களின் வருகையைக் குலைத்தன. 2024 மே மாதம் கூகுள், தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியபின், சொடுக்காமலேயே விடை பெற்றுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். பொதுவான விளக்கக் கட்டுரைகளுக்கு இது பெரிய அடி. படிவம், கணிப்பான் போன்று எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒன்றைத் தரும் பக்கங்கள், எங்கள் அளவில், இதுவரை தாக்குப்பிடித்திருக்கின்றன. வந்தவர்களின் மின்னஞ்சல் பட்டியலை நாங்களே வைத்திருப்பதும் ஒரு காப்பு. அதற்கும் கட்டுப்பாடு உண்டு: ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோர், அஞ்சல் உண்மையில் தங்களிடமிருந்தே வருகிறது என்று காட்டும் அனுப்புநர் சரிபார்ப்போடு, விளம்பர அஞ்சல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் தரவேண்டும் என்ற விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அந்த அளவுக்கு அருகிலும் இல்லை; இருந்தும் அந்த வசதியை வைத்திருக்கிறோம், போக விரும்புகிறவரைப் பிடித்து வைப்பதில் யாருக்கும் பயனில்லை.

என் அனுபவம் நிறுவனங்களுக்கு விற்கும் ஒரு மென்பொருளோடு நின்றுவிடுகிறது. பார்த்தவுடன் வாங்கத் தோன்றும் நுகர்பொருளுக்கோ, பருவம் கடந்தால் விற்காத பொருளுக்கோ, கட்டுரைக்காகக் காத்திருக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. அங்கே காணொளி விளம்பரம் முந்தலாம். விளம்பரத்தை நாங்களும் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. புதிய கட்டுரை ஒன்றுக்கு இரண்டு தலைப்புகளில் எது ஈர்க்கிறது என்று பார்க்க, சிறு தொகையில் இரண்டு விளம்பரங்களைச் சில நாள்கள் ஓடவிட்டு, அதிகம் சொடுக்கப்பட்ட சொற்களை எடுத்துக்கொண்டு விளம்பரத்தை நிறுத்திவிடுகிறோம். சென்ற மாதம் அப்படி வென்ற தலைப்பில் 'இருப்பு மேலாண்மை' என்ற சொல்லே இல்லை. 'திரும்பி வராத கருவிகள்' என்று இருந்தது. எங்கள் முகப்புப் பக்கத்தின் முதல் வரியையும் இப்போது அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம்.