காரங்காட்டில் ஒரு படகுச் சவாரி, மாமாவோடு

ராமநாதபுரத்திலேயே இருந்துகொண்டு இன்னும் காரங்காட்டில் இருக்கிற அலையாத்திக் காட்டுக்குப் போனதில்லை என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய ஸ்ப்ளெண்டரை எடுத்தேன். பின்னால் என் மாமனார். "உவர்க் காட்டுல பார்க்க என்ன இருக்கு மாப்பிள்ளை? அதுக்குக் காசு வேறயா?" என்று ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

தேவிபட்டினம் தாண்டி தொண்டிப் பக்கம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் பனையும் சீமைக்கருவேலமும்தான். வண்டியை ஐம்பதுக்கு மேல் முறுக்கவில்லை. வழியில் ஒரு கடையில் குடித்ததை டீ என்று சொல்ல மாட்டேன், சர்க்கரை போட்ட வெந்நீர். உப்பூரில் வெயில் உகந்த விநாயகரைக் கும்பிட்டோம். கருவறைக்குக் கூரை கிடையாது. "அவருக்கு ஆகுது, எனக்கு ஆகாது" என்று மாமா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

காரங்காடு ஊருக்குள் செங்கோல் மாதா கோயிலைக் கடந்து படகுத்துறைப் பக்கம் நிறுத்தினேன். பத்தடிகூட நடந்திருக்க மாட்டோம், சைடு ஸ்டாண்ட் மணலில் புதைந்து வண்டி சாய்ந்துவிட்டது. கண்ணாடி ஒன்று போச்சு. அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் ஒரு ஓட்டுத் துண்டைக் கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான். போகிறவர்கள் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

சரி, படகு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். பிச்சாவரம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அது பெரிய காடு, சுரபுன்னையின் வளைந்த வேர்கள். இங்கே பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, மூச்சு விடுவதற்காக. ஓடை குறுகுகிற இடத்தில் கிளை முகத்தில் உரசுகிறது. படகோட்டித் தம்பி ஒரு இலையைப் பறித்து மாமாவிடம் கொடுத்து, "நக்கிப் பாருங்க ஐயா" என்றார். மேலே பளபளப்பு, அடியில் சாம்பல் பூத்த மாதிரி. மாமா சந்தேகமாக நாக்கில் வைத்தார். நல்ல உப்பு. வேர் வழியாக ஏறுகிற உப்பை இந்த மரம் இலை வழியாகத் தள்ளிவிடுகிறதாம். அதுவரை படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தவர், அப்புறம் கேள்விமேல் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். ஓடை முடிந்து கடல் திறக்கிற இடத்தில்தான் வாய் மூடினார். பாக் விரிகுடா, குளம் மாதிரி அலையே இல்லாமல் கிடந்தது.

நாங்கள் செய்த தப்பு, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாரை, ஒரு மீன்கொத்தி, அவ்வளவுதான். காலையில் ஏழு, எட்டுக்குள் வந்திருந்தால் பறவை நிறையப் பார்த்திருக்கலாம் என்றார் அந்தத் தம்பி. வெயிலும் மண்டையைப் பிளந்திருக்காது. தொப்பி கட்டாயம்.

சாப்பாடு ஊர்ப் பெண்கள் சமைத்தது. முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் நல்லது. நண்டு சூப்பில் மிளகு தூக்கல், மூக்கு ஒழுகியது. கணவாய் கொஞ்சம் அதிகம் வெந்துவிட்டதாக எனக்குப் பட்டது. மாமா அதையும் மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பெரிசா ஒண்ணுமில்ல" என்றார். மறுநாள் சட்டையைத் துவைக்க எடுத்த அத்தை, பையில் பத்து ரூபாய் நோட்டோடு ஒட்டிக்கிடந்த ஒரு இலையை எடுத்து, "இது என்னங்க?" என்றார்.

"நக்கிப் பாரு."