திரையில் 76, உள்ளே 110: நான்கு வருடம் ஓட்டிய கிராபிக்ஸ் கார்டு

என்னிடம் இருக்கும் அதே கிராபிக்ஸ் கார்டு இப்போது செகண்ட் ஹேண்டில் விலை இறங்கிக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. நான்கு வருடமாக இதை ஓட்டுகிறேன், மூன்று முறை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வேகமான மெமரி, மூன்று ஃபேன், 320 வாட் இழுக்கும் ரகம். மற்ற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம் ஓட்டுவதில் இது என்னை ஏமாற்றியதே இல்லை. 1440பி திரையில் இன்றைய கேம்களும், நிழல் தரத்தைக் கொஞ்சம் குறைத்தால், வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. திரையில் ஒரு கோடு விழுந்ததில்லை, கம்ப்யூட்டர் நடுவில் அணைந்ததில்லை. என் கோபமெல்லாம் சூட்டின் மேல்தான். சூட்டைவிட, அது கண்ணில் படாமல் இருந்ததன் மேல்.

வாங்கி இரண்டரை வருடம் இருக்கும். கேம் தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் மூன்று ஃபேனும் ஒன்றாக எகிறும். ஹெட்போனைத் தாண்டிக் கேட்கும். கூடவே பிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 95-லிருந்து 60-க்குச் சரியும், சில நொடியில் ஏறும், மறுபடி சரியும். திரை ஓரத்தில் வெப்பநிலை மட்டும் 76 டிகிரியில் அசையாமல் நிற்கும். இந்த வகைக் கார்டுகளில் கோர், அதாவது முக்கிய சிப், 83 டிகிரியை ஒட்டித்தான் வேகம் குறையத் தொடங்கும். அதனால் சூடு காரணமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் இழுத்துப் பார்த்தேன். கேம் அப்டேட்டின் மேல் பழி போட்டேன். மூன்று வாரம் இப்படியே போனது. 76 டிகிரிக்கு ஃபேன் எதற்கு முழு வேகத்தில் சுற்றுகிறது என்று முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஃபேனுக்குத் தெரிந்த ஏதோ ஒரு சூடு எனக்குத் தெரியவில்லை.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். காற்றோட்டம் போதவில்லை என்றால் இதிலேயே ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். இரண்டுதான் இறங்கியது. ஆக, கேபினெட் மேல் தப்பில்லை. ஃபேனுக்கும், சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவே படிந்திருந்த தூசியை ஊதி எடுத்தேன். (ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.) ஒரு டிகிரி குறைந்தது. சத்தம் அப்படியே.

அப்புறம்தான் எல்லாச் சென்சார் அளவுகளையும் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரைத் திறந்து பட்டியலைக் கடைசி வரை பார்த்தேன். கோர் 75. சிப்பிலேயே அதிகம் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 104. மெமரி சிப்பின் உள் சூட்டைச் சொல்லும் மெமரி ஜங்ஷன் 110.

அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் இடமே 110தான். கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25-ஐத் தாண்டினால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். எனக்கு 29. இத்தனையும் கார்டின் சென்சாருக்குத் தெரியும். கார்டோடு வந்த சாஃப்ட்வேர் மட்டும் கோர் எண்ணை ஒன்றைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. இதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. 2025-ல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் வந்தபோது ஹாட்ஸ்பாட் அளவு வெளியே தெரியாமலே போனது. பயன்படுத்துகிறவனுக்கு இருந்த ஒரு ஜன்னலையும் அடைத்தது மாதிரிதான் அது.

வாரன்டி முடிந்திருந்ததால் நானே கழற்றினேன். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஒயரைப் பிடுங்கிய பிறகு கழற்றினால் பேஸ்ட் இளகி ஹீட்சிங்க் சுலபமாக வரும். நேராக இழுக்காமல் லேசாகத் திருக வேண்டும். ஃபேன் ஒயர்கள் குட்டையானவை, பொறுமை வேண்டும். தூக்கிப் பார்த்தால், சிப்பின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. பேஸ்டே இல்லை. எல்லாம் நான்கு ஓரத்திலும் சாம்பல் நிறக் கரையாக ஒதுங்கிக் காய்ந்திருந்தது. சூடாகும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுக்கப்பட்டிருக்கிறது. மெமரி மேல் சூட்டைக் கடத்துவதற்காக வைத்திருந்த மெத்தை மாதிரியான தெர்மல் பேடுகளைத் தொட்டதும் விரலில் எண்ணெய் ஒட்டியது. ஒன்றிரண்டு பேடுகளில் மெமரி சிப் பதிந்த தடமே இல்லை. அதாவது அவை ஹீட்சிங்கை முதல் நாளிலிருந்தே சரியாகத் தொடவில்லை. மூன்று ஃபேன் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பேடை ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். தடிமனாக இருந்தால் நன்றாக அழுத்தும் என்று நினைத்து 2 மில்லிமீட்டர் பேட் வைத்தேன். மெமரி இறங்கியது, ஹாட்ஸ்பாட் 108-க்குப் போனது. தடித்த பேட் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் சிப் மேல் அது உட்காரவே இல்லை. இரண்டாம் முறை கழற்றி, பழைய பேடில் அழுத்தம் படாத ஓரத்தை வெர்னியரால் அளந்து பார்த்தால் 1.5. அதே தடிமனில் மெத்தென்ற பேட் வாங்கி வைத்து, சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் முறுக்கினேன். கோர் 68, ஹாட்ஸ்பாட் 81, மெமரி 88. ஃபேன் நிமிடத்துக்கு 2800 சுற்றிலிருந்து 1700-க்கு வந்தது. அன்று இரவு கேமை நிறுத்திவிட்டு அந்த அமைதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதம்தான். ஹாட்ஸ்பாட் வித்தியாசம் 13-லிருந்து 22-க்கு ஏறிவிட்டது. நான் போட்ட பேஸ்ட் கொஞ்சம் நீர்த்த வகை, அதுவும் பிதுங்கிவிட்டது. மூன்றாவது முறை பேஸ்டே வேண்டாமென்று ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளை ஒட்டினேன். அறைச் சூட்டில் திடமாக இருக்கும், 45 டிகிரியை ஒட்டி இளகிச் சிப் முழுக்கப் பரவும், பேஸ்ட் மாதிரி வெளியே ஓடாது. ஒட்டுவதற்கு முன் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேல் படலம் கிழியாமல் உரியும். முதல் சில நாள் சூடாகி ஆறிய பிறகு இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது. பதினான்கு மாதம் ஆகிறது, வித்தியாசம் 12-ஐத் தாண்டவில்லை. ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் 900 மில்லிவோல்டுக்கு அண்டர்வோல்ட் செய்ததில் (சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்ததில்) ஏறக்குறைய 60 வாட் மிச்சம். பிரேமில் இரண்டு மூன்று போயிருக்கும், எனக்குத் தெரியவில்லை. கழற்றப் பயமாக இருக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இப்போது இது நான் வைத்திருந்ததிலேயே நல்ல கார்டு. இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும். ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இந்த அமைதி நான் ஏற்படுத்தியது, கார்டோடு வந்ததில்லை. அவன் வாங்கப்போகும் கார்டுக்குள் பேஸ்ட் எந்த ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

அவன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. சரி, வாங்கியே தீருவேன் என்றால் விற்பவரிடம் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைத் திறந்து வைத்து அரைமணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல். மெமரி 100-ஐத் தாண்டினால் எழுந்து வந்துவிடு.