தண்ணீர்ப் பெயிண்டுக்கும் மரியாதை வேண்டும்: டோங்காட்டில் அக்ரிலிக்குடன் பல வருடங்கள்

எனாமல் என்ற எண்ணெய்ப் பெயிண்டை விட்டு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்குக்கு மாறியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். தின்னர் நெடி இல்லை, தலைவலி இல்லை, பிரஷைக் கழுவச் சோப்பும் தண்ணீரும் போதும் என்பார்கள். மூன்றும் உண்மைதான். வீட்டுச் சுவர், வாசல் கேட், கோயில் சுதைச் சிற்பம், காவடி வளைவு என்று எல்லாவற்றுக்கும் நான் பல வருடங்களாக அக்ரிலிக்கையே பயன்படுத்துகிறேன். எனாமலுக்குத் திரும்பும் எண்ணமும் இல்லை. ஆனால் இந்த மூன்று வசதியும் சேர்ந்து மனிதர்களிடம் ஓர் அலட்சியத்தை வளர்த்துவிடுகின்றன. தின்னர் டப்பாவைப் பூட்டி வைக்கிற அதே வீட்டில் அக்ரிலிக் வாளி மூடி சரியாக மூடாமல் குழந்தைகளின் சைக்கிளுக்குப் பக்கத்தில் கிடக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, டோங்காட்டின் இந்தக் கடலோர வெக்கையில் அந்த அலட்சியத்தின் விலையைப் பலர் வீட்டுக் கராஜில் பார்த்துவிட்டேன்.

முதலில் கெட்டுப்போவதைப் பற்றி. எண்ணெய்ப் பெயிண்ட் கெடுவதில்லை, காய்ந்து இறுகும், அவ்வளவுதான். தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் துகள்களும் கெட்டிப்படுத்தும் பொருள்களும் கலந்த பெயிண்ட் அப்படியல்ல. பாக்டீரியாவுக்கு அது நல்ல சாப்பாடு. தொழிற்சாலையில் போடும் பாதுகாப்பு மருந்து ஓரளவுக்குத்தான் தாங்கும். எச்சில் கரண்டி பட்ட தோசை மாவுக்கு என்ன ஆகுமோ அதுதான் அழுக்கு பிரஷ் முக்கிய வாளிக்கும் ஆகும். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றமோ புளித்த வாடையோ அடித்தால் அந்த வாளியின் ஆயுள் முடிந்தது. அப்படி ஒரு வாளியை, 'சுவரில் காய்ந்தால் போய்விடும்' என்று அடித்த வீட்டில் வாரக்கணக்கில் நாற்றம் போகவில்லை. சிலர் அதில் பிளீச்சைக் கலந்து காப்பாற்றப் பார்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல அக்ரிலிக் பெயிண்டுகளில் அம்மோனியா இருக்கிறது. திறந்தவுடன் மூக்கைச் சுருக்க வைப்பது அதுதான். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் வாயு கிளம்பும். மூடிய கராஜில் அது நுரையீரலுக்குக் கேடு.

ஆகவே என் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: வாளிக்குள் பிரஷ் போகாது. தேவையான அளவைச் சின்ன டப்பாவில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மிச்சமானதை மீண்டும் வாளியில் ஊற்றக் கூடாது. மிச்சத்தைத் தனி ஜாடியில் மூடி, தேதியையும் எந்தச் சுவருக்கு என்பதையும் எழுதி ஒட்டிவிடுவேன். தண்ணீர் கலந்து நீர்த்த பெயிண்டைச் சேமிக்கவே கூடாது. பாதுகாப்பு மருந்தும் சேர்ந்து நீர்த்துப்போவதால் அது வெகு சீக்கிரம் கெடும்.

தகர டப்பாவா, பிளாஸ்டிக் வாளியா என்று கேட்டால், கடல் காற்று வீசும் இடத்தில் பிளாஸ்டிக்தான். தகரத்தின் உட்புறத்தில் பூச்சு இருக்கும், ஆனால் மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது விளிம்பில் அந்தப் பூச்சு உரியும். பள்ளத்தில் தேங்கிய பெயிண்ட் காய்ந்து தகடாகிவிடும். அடுத்த முறை திறக்கும்போது அந்தத் தகடும் அதனடியில் பிடித்த துருவும் பழுப்புச் செதில்களாக வெள்ளைப் பெயிண்டுக்குள் விழும். வடிகட்டினாலும் துருவின் நிறம் போகாது. தகரமே வாங்க நேர்ந்தால், மூடுமுன் பள்ளத்தை ஈரத்துணியால் முழுவதும் துடைத்து, பெயிண்டின் மேற்பரப்பைத் தொடும்படி மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி மூடுங்கள். உள்ளே காற்று குறைந்தால் ஆடை படிவதும் குறையும்.

வெப்பநிலையில் எங்களுக்கு ஒரு தொல்லை, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் என் மச்சானுக்கு வேறொரு தொல்லை. பொதுவாக 5 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். இங்கே கோடையில் தகரக் கூரையின் கீழும், மூடிய பக்கி (பிக்கப்) வண்டியின் பின்னாலும் அந்த மேல் எல்லை எளிதாகத் தாண்டிவிடும். கடையிலிருந்து வரும் வழியில் ஒரு மத்தியானம் வண்டியில் விட்டாலே மூடி உப்பிவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜூன், ஜூலையில் இரவு உறைபனி. வெளிச் சாய்ப்பில் வைத்த வாளி ஒன்று உறைந்து, வெயில் ஏறியதும் உருகியது. மச்சான் போனில் கேட்டார், "மாப்பிள்ளை, கிளறக் கிளறக் கட்டிகட்டியாகவே வருகிறதே, இன்னும் தண்ணீர் விடட்டுமா?" தண்ணீர் விட்டாலும் பயனில்லை. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது நெருக்கப்படும் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. பிறகு எந்தக் கிளறலும் அவற்றைப் பிரிக்காது. சில பெயிண்டுகள் சில முறை உறைந்து உருகுவதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதை நம்பி வெளியே வைப்பது வேண்டாத சூதாட்டம். படுக்கையறை அலமாரியின் அடித்தட்டே போதும் என்று சொன்னேன். அக்கா ஒப்புக்கொண்டாளா என்பது வேறு கதை.

அடிக்கும் நேரத்திலும் இந்தக் கணக்கு உண்டு. சுமார் 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான வீட்டு அக்ரிலிக்குகளின் துகள்கள் உருகிக் கலந்து படலமாவதில்லை. காய்ந்ததுபோல் தெரியும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். எங்கள் ஊரில் குளிரைவிட ஈரம்தான் எதிரி. தைப்பூசம் டர்பனின் மழைக்காலத்தில் வருகிறது. கோயில் கமிட்டிகள் கடைசி வாரத்தில் விழுந்தடித்துக்கொண்டு கோபுரத்துக்கு வர்ணம் அடிப்பதும், மாலை மழையில் நீலம் வழிந்து மஞ்சளில் இறங்குவதும் வருடா வருடம் நடக்கும் கூத்து. ஆடிக் கூழ் ஊற்றும் சமயத்தில் இங்கே வறண்ட குளிர்காலம். பகல் இதமாக இருக்கும். சிற்ப வேலையை அப்போதே முடித்துவிடுங்கள் என்று யாரிடம் சொல்வது?

காவடிக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது, உண்மை. ஆனால் படலம் முழுவதும் இறுக இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். அதற்குள் வர்ணம் அடித்த இரண்டு மரவளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பாரம் வைத்துக் கட்டினால், வெக்கையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்றின் பச்சை மற்றொன்றின் சிவப்பில் உரிந்து வந்து, மரம் வெளுப்பாகப் பல்லிளிக்கும். நடுவில் கேக் சுடப் பயன்படும் சிலிகான் தாளை வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அச்செழுத்தே பதிந்துவிடும். இதே மென்மையால்தான் கற்பூரக் கரியும் தூசியும் வெயிலில் சிற்பத்தின் மேல் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன. கர்ப்பகிருக வாசலுக்கு அருகில் அக்ரிலிக்கின் மதிப்பெண்ணைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டும்.

இனி உடம்பு. கோயிலில் உதவிக்கு வரும் பையன் ஒருவன் கையுறையைத் தள்ளிவைத்துவிட்டு, "தண்ணீரில் கரைவதுதானே மாமா, கையில் பட்டால் என்ன?" என்றான். ஒரு நாள் பட்டால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெயிண்டைக் கெடாமல் காக்கும் ஐசோதயசோலினோன் வகை மருந்துகள் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. அளவு மிகக் குறைவுதான். ஆனால் அடிக்கடி பட்டு உடம்பு ஒருமுறை அதற்குப் பழகி எதிர்க்கத் தொடங்கிவிட்டால், பிறகு சிறிதளவே அரிப்பையும் சிவப்பையும் கிளப்பும். அந்நிலைக்கு வந்தவர்களுக்குப் புதிதாக வர்ணமடித்த அறையின் காற்றே போதும். நைட்ரைல் கையுறை போடுவது சுலபம். கையில் காய்ந்த பெயிண்டை உரிக்கத் தின்னர் தேய்ப்பதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். வெந்நீரும் சோப்பும் கொஞ்சம் சமையல் எண்ணெயும் அந்த வேலையைச் செய்துவிடும். கண்ணில் தெறித்தால் சுத்தமான நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

பிரஷால் அடிப்பதற்கும் ஸ்பிரே கன்னால் அடிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டப்பாவில் சும்மா இருக்கும் நிறமி, மூடுபனியாகப் பறக்கும்போது நேராக மூச்சுக்குள் போகும். ஓவியத்துக்கான சில மஞ்சள், சிவப்பு அக்ரிலிக்குகளில் காட்மியம் இருக்கிறது. அவற்றை ஸ்பிரே செய்யவும் கூடாது, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பழைய பூச்சுதான். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் ஈயத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தியதே 2009இல்தான். பத்து லட்சத்தில் 600 பங்கு என்ற வரம்பு அப்போது வந்தது. எங்கள் பழைய கோயில்களிலும் கரும்புத் தோட்டக் காலத்து வீடுகளிலும் எத்தனை தலைமுறை எனாமல் அடுக்கடுக்காக இருக்கிறது! புது அக்ரிலிக் ஒட்டுவதற்காக அதை உலர்வாகத் தேய்த்துப் புழுதி கிளப்பி, அதே இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரசாதம் கொடுக்கிறோம். பழைய பூச்சு என்றால் ஈரம் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி போதாது, தூசுக்கான சுவாசக் கவசம் வேண்டும். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். புது பெயிண்ட் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அடியில் இருப்பது சாது அல்ல.

கழுவும் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு வெள்ளம்தான் பாடம் எடுத்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, பல மாதங்கள் குழாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் லாரிக்கு முன்னால் வாளியோடு வரிசையில் நின்றவன் எவனும் பிரஷ் கழுவக் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாட மாட்டான். அப்போது பழகிய இரண்டு வாளி முறையை இன்னும் விடவில்லை. முதலில் பிரஷிலும் ரோலரிலும் இருக்கும் பெயிண்டைக் கத்தி முதுகால் வழித்து டப்பாவிலோ பழைய பலகையிலோ தேய்த்துவிடுவேன். முதல் வாளியில் அழுக்கு அலசல், இரண்டாவதில் சோப்பு அலசல்.

அந்த முதல் வாளித் தண்ணீரை மழைநீர்க் கால்வாயில் கொட்டினால் அது ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்தான் என்பதை மறந்துவிடுகிறோம். தெளியட்டும் என்று விட்டால், நிறமி கொஞ்சம் அடியில் தங்கும். பால்போன்ற கலங்கல் நாள்கணக்கில் அப்படியே நிற்கும். கலங்கிய கிணற்று நீரில் பாட்டிமார் படிகாரம் சுற்றுவார்களே, அதே வித்தை இங்கும் வேலை செய்கிறது. அலுமினியம் சல்பேட்டைக் கலந்து, பிறகு நீற்றுச் சுண்ணாம்பைச் சேர்த்தால் நுண்துகள்கள் திரண்டு கீழே இறங்குகின்றன. துணியில் வடிகட்டிய கசடைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். தெளிந்த நீரை அடுத்த அலசலுக்கு வைத்துக்கொள்கிறேன், செடிக்கு ஊற்றுவதில்லை. சுண்ணாம்புத் தூள் கண்ணுக்கு ஆகாது, அதற்கும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். டப்பாவின் அடியில் மிஞ்சும் கொஞ்சப் பெயிண்டில் மணலைக் கொட்டிக் கிளறித் திறந்தே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும். அப்புறம் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம்.

குறை சொல்ல வேண்டுமானால் அளவைப் பற்றித்தான் சொல்வேன். 20 லிட்டர் வாளி லிட்டருக்கு மலிவு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வருடம் முழுவதும் வேலை இருக்கும் பெயிண்டருக்கு அது சரி. வீட்டுக்கும் கோயிலுக்கும் அவ்வப்போது அடிக்கிறவன் அதைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூட, பாதிக்கு மேல் கெட்டுப்போகும். மலிவும் அதோடு போகும். நான் 5 லிட்டரையே வாங்குகிறேன், ஒன்று தீர்ந்த பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறேன். சிற்பங்களின் கண்ணுக்கும் உதட்டுக்கும் அரை லிட்டர் ஜாடியே அதிகம்.