பஞ்சபுராணத்துக்குப் பக்கத்தில் ஒரு சுருதிப்பெட்டி

வன்னியின் ஊர்க் கோயில்கள் பலவற்றில் தனியாக ஓதுவார் இல்லை. பூசை முடியப் பஞ்சபுராணம் (தேவாரம் முதல் பெரியபுராணம் வரை ஐந்து திருமுறைப் பாடல்கள்) ஓதுவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, அல்லது பென்சன் எடுத்த வாத்தியார். அவர்களுக்குப் பக்கத்தில் வைக்க, பாட்டுக்கு அடிநாதமாகச் சுருதியை விடாமல் ஒலிக்கும் டிஜிட்டல் சுருதிப்பெட்டி நல்ல பொருள், தயங்காமல் வாங்கலாம். ஸட்ஜத்தோடு (ச) சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத்தைப் பஞ்சமம் (ப), மத்திமம் (ம) இரண்டுக்கும் மாற்றக்கூடிய பெட்டியாகப் பார்த்து எடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? சூலைநோய் தாங்காமல் அப்பர் திருவதிகையில் பாடிய முதற் பதிகத்தின் பண் (பழந்தமிழ் இராகம்) கொல்லி. இன்று நவரோசு இராகத்தில் பாடுகிறோம். அது மேலே நடு ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தாண்டாது, கீழே மந்தர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமம் வரை இறங்கும். வழமையான ஸட்ஜத்தில் எடுத்தால் இறங்குகிற இடத்தில் குரல் அமுங்கி, நெஞ்சை உருக்கவேண்டிய சொல்லே கேட்காமற் போகும். பெட்டியை மத்திமத்துக்கு மாற்றி, அந்த மத்திமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடுங்கள். முழுப் பாட்டும் குரலுக்குள் வந்து உட்காரும். மாற்ற மறந்து பஞ்சமத்திலேயே விட்டால், அது பாடுபவரின் ரிஷபமாகி (ரி) அடியில் உறுத்திக்கொண்டேயிருக்கும். கேட்கிற சனத்துக்குக் காரணம் பிடிபடாது. மனம் மட்டும் ஒட்டாது. அடுத்து மோகனத்தில் திருவாசகம் வந்தால் திரும்பப் பஞ்சமத்துக்கு மாற்றவேண்டும், மோகனத்தில் மத்திமமே இல்லை.

கட்டை, அதாவது ஸட்ஜம் நிற்கும் உயரம், பொதுவாக ஆண்களுக்கு 1 முதல் 2, பெண்களுக்கு 5 முதல் 6.

ஆர்மோனியம் இருந்தால் பெட்டியைத்தான் அதற்கு இசைக்கவேண்டும். ஆர்மோனிய ரீட்டைச் சபையில் திருத்த முடியாது. இரண்டையும் ஒரே ஸ்வரத்தில் ஒலிக்க விட்டுக் கேளுங்கள். ஒலி ஏறி இறங்கி அலையும். வினாடிக்கு ஓர் அலை என்றால் வித்தியாசம் 1 ஹேர்ட்ஸ். பெட்டியின் நுண்சுருதிக் குமிழை மெல்லத் திருப்ப அலை நீண்டு நீண்டு நின்றுவிடும். அந்த இடத்தில் கையை எடுங்கள்.

பழைய அனலொக் பெட்டிகளில் பற்றரி இறங்க இறங்கச் சுருதியும் நழுவும், பாடுபவரும் தெரியாமலே கூட இறங்குவார். டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மலிவான அடப்டர் போட்டால் இரைச்சல் மைக் வழியாக வெளியே போகும். திருவிழாவில் ஜெனரேற்றர் ஓடும்போது பற்றரியே நல்லது.

1 கட்டைக் கீழ் ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ். கோயிற் குழாய் ஒலிபெருக்கியில் அந்தக் கனம் சரியாக வராது. அதற்காகப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினால் சொல் மூழ்கும். பாடுபவரின் காதோரம் வையுங்கள். அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் சபைக்கு மெல்லக் கேட்டால் போதும்.

தம்புராவின் கார்வையை (நீண்டு நிற்கும் நாதத்தை) இதில் எதிர்பார்க்க வேண்டாம். போன் செயலி வீட்டுப் பயிற்சிக்குச் சரி. சந்நிதியில் அதைப் போடுவதென்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள், பதிகத்தின் நடுவில் அழைப்பு வந்தால் சுருதி அறுந்துவிடும்.