ஆறு வெள்ளாட்டுக்கு என்ன தீவனம்? வேலிமசால், கோ-4, கடலைக்கொடி, குழை: பல பருவப் பயன்பாட்டில் தெரிந்தவை

வீட்டை ஒட்டிய பத்துப் பதினைந்து சென்ட் நிலம், போர் தண்ணீர், ஐந்து பெட்டை, ஒரு கிடா. தமிழ்நாட்டில் சிறு அளவில் வெள்ளாடு வளர்ப்பவர்களில் பலருடைய நிலை இதுதான். கன்னி, கொடி, சேலம் கருப்பு என எந்த இனமானாலும், வளர்ந்த பெட்டை ஏறக்குறைய 25 முதல் 30 கிலோ எடை இருக்கும். அந்த அளவுக் கொட்டிலை மனதில் வைத்தே இங்கே ஒவ்வொரு தீவனத்தையும் பற்றி எழுதியிருக்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 30 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 கிலோ உலர்பொருள் வயிற்றுக்குள் போக வேண்டும். தண்ணீர் நீங்கிய எடை அது. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லான கோ-4-ல், பச்சையாக இருக்கும்போது உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்குதான். பயறு வகைத் தீவனச் செடியான வேலிமசாலில் கால் பங்கு. காய்ந்த கடலைக்கொடியில் பத்தில் ஒன்பது பங்கு. ஆக 1 கிலோ வேலிமசால், 2 கிலோ கோ-4, 400 கிராம் கடலைக்கொடி சேர்த்தால் ஒரு பெட்டையின் நாள் தேவை நிறைந்துவிடும், புரதமும் போதும். "பச்சையா அஞ்சு கிலோ போடுறேன், ஆடு தேறவே மாட்டேங்குது" என்று சொல்பவர்களின் தொட்டியைப் பார்த்தால், பெரும்பாலும் மழைக்குப் பின் வெட்டிய இளம்புல்தான் கிடக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்.

வேலிமசால்

சிறு கொட்டிலுக்கு ஒரே ஒரு பயிர்தான் போட முடியும் என்றால் வேலிமசாலைத்தான் போட வேண்டும். உலர்பொருளில் புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. எவ்வளவு தின்றாலும் குதிரைமசால் போல வயிறு உப்புவதில்லை. தண்டு மெல்லியது, ஆடு அடித்தண்டு வரை கடித்துவிடும். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வெட்டலாம்.

இதில் தோற்பவர்கள் முளைப்பிலேயே தோற்கிறார்கள். விதையின் தோல் கடினம். அப்படியே தூவினால் பத்துக்கு இரண்டு மூன்று முளைக்கும், மற்றவை மண்ணில் தூங்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பிலிருந்து இறக்கி, நாலு நிமிடம் ஆறவிட்டு, விதையைக் கொட்டி ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு வெந்நீரை வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசி, இரவு முழுக்க நிழலில் உலர்த்திக் காலையில் விதைக்கலாம். கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போட்டால் விதை வெந்துவிடும். சென்ட்டுக்கு 80 கிராம் விதை போதும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விட்டு, விரல் ஆழத்துக்கும் குறைவாக மண் மூட வேண்டும். முதல் ஒரு மாதம் செடி மிக மெதுவாக வளரும். அந்த மாதத்தில் இரண்டு முறை களை எடுக்காவிட்டால் கோரையும் அருகும் ஏறி மசாலை மறைத்துவிடும். "வேலிமசால் வரல" என்று கைவிட்ட வயல்களில் பாதிக்கு மேல் இந்தக் களையால் போனவைதான்.

முதல் வெட்டு 90 நாளில், பிறகு 40 நாளுக்கு ஒருமுறை. முழங்கால் உயரம், அதாவது 50 சென்டிமீட்டர் தண்டு விட்டுத்தான் வெட்ட வேண்டும். ஆட்டை நேராக விட்டால் தரையோடு கடித்துவிடும்; இரண்டாம் ஆண்டுக்குள் தூர் செத்து வயல் சொட்டையாகும். நல்ல தண்ணீர் வசதியில் சென்ட்டுக்கு ஆண்டுக்கு 300 கிலோவுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம். ஆறு ஆட்டுக்குத் தலா 1 கிலோ என்றால் ஏழு சென்ட். அதை நாலு பாத்தியாகப் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பாத்தி வெட்டி வந்தால் முதல் பாத்தி திரும்ப வெட்டுக்கு வந்து நிற்கும்.

கோ-4, கோ-5

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பற்றி மாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே ஆட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடு முழுத் தட்டையையும் மென்றுவிடும். ஆடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தட்டையை அப்படியே விட்டுவிடும். மறுநாள் காலையில் தொட்டியைப் பாருங்கள்: விரல் பருமன் தட்டைகள், ஒவ்வொன்றிலும் கணுவை ஒட்டிய இலையுறை மட்டும் கிழிந்திருக்கும், பல் பட்ட அடையாளம்கூடத் தட்டையில் இருக்காது. 60 நாள் தாண்டிய புல்லில் இப்படி மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 40 முதல் 45 நாளில், இடுப்பு உயரம் இருக்கும்போதே வெட்டி, ஒரு அங்குல நீளத்துக்கு நறுக்கிப் போட்டால் கழிவு வெகுவாகக் குறையும். ஆறு ஆட்டுக்குக் கைச் சாஃப் கட்டரே போதும், மோட்டார் தேவையில்லை.

சென்ட்டுக்கு இரு கணுக் கரணை 160, அரை மீட்டருக்கு ஒன்றாக நடலாம். தண்ணீரும் தொழுவுரமும் இருந்தால் சென்ட்டுக்கு ஆண்டுக்கு ஒரு டன் வரும். ஐந்து சென்ட் தாராளம். யூரியா போட்டால் மூன்று வாரமாவது கழித்தே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் புல்லில் நைட்ரேட் தேங்கி நிற்கும். இந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது. கோ-4 மட்டுமே போட்டு வளர்த்த பால் ஆடுகள் மெலிவதற்கும் குட்டிகளுக்குக் கால் வலுவில்லாமல் போவதற்கும் இதுவும் ஒரு காரணம். வயிற்றை நிரப்ப நல்ல புல். அதை நம்பி மட்டும் ஆடு வளர்க்க முடியாது.

குழை

வெள்ளாடு கழுத்தை நிமிர்த்தித் தின்கிற விலங்கு. தரையில் போட்டு மிதிபட்ட தழையை அது தொடாது. துரட்டியால் ஒடித்த குழையைக் கட்டாகக் கட்டி, ஆட்டின் முகத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டால் அதே குழையைக் குச்சி மிஞ்சத் தின்னும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம்தான் தீவனக் கழிவை எல்லாவற்றையும் விட அதிகமாகக் குறைத்தது.

அகத்தியை ஆடு எப்போதும் விரும்பும். பால் கொடுக்கிற ஆட்டுக்கும் இரண்டு வாரக் குட்டிக்கும் அதன் கொழுந்து நல்லது. மரம்தான் பலவீனம்: ஒரு மீட்டருக்குக் கீழே வெட்டினாலோ, ஆடு பட்டையை உரித்தாலோ அகத்தி பட்டுப்போகும். வரப்பில் ஒரு பக்கமாக நட்டு, கொட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். சூபாபுல், ஊரில் சவுண்டல் என்பார்கள், எந்த வெட்டையும் தாங்கும். ஆனால் அதிலுள்ள மைமோசின் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் முடி உதிரும், கழுத்தில் தைராய்டு வீங்கும், சினை ஆட்டில் குட்டி பலவீனமாகப் பிறக்கும். இந்த நஞ்சைச் சிதைக்கும் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்சி என்ற நுண்ணுயிரை ஹவாய் தீவின் ஆடுகளிடம்தான் முதலில் கண்டார்கள். நம் ஆட்டின் வயிற்றில் அது போதுமான அளவு இருக்கிறதா என்று கொட்டிலில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது, எனவே அளவோடு கொடுப்பதே சரி. கிளரிசிடியாவை முதல் முறை எந்த ஆடும் மோந்துவிட்டு விலகும். ஒரு இரவு வாடவிட்டு, வேலிமசாலோடு கலந்து ஒரு வாரம் போட்டால் பழகிவிடும். பூவரசு, கல்யாண முருங்கை, வாகை, பலா, ஆல் எல்லாம் துணைக்கு ஏற்றவை. வேம்பு பங்குனி சித்திரையில் பசுமையாக நிற்பதே பெரிய உதவி.

கடலைக்கொடி

கோடையைக் கடத்துவது கடலைக்கொடிதான். வைக்கோலோடு ஒப்பிடவே வேண்டாம்; புரதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இலையோடு இருந்தால் ஆடு ஆசையாகத் தின்னும். எந்தப் பட்டத்துக் கொடி என்று கேட்டு வாங்க வேண்டும். ஆடிப்பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கப்படுகிறது. வடகிழக்கு மழை நேரம். அந்தக் கொடி வயலிலேயே நனைந்து, கறுத்து, பூஞ்சை பிடித்து வருவது சாதாரணம். மார்கழிப் பட்டத்து இறவைக் கடலை சித்திரை வாக்கில் வெயிலில் பிடுங்கப்படுவதால் கொடி பச்சை நிறம் மாறாமல் காயும். போர் போட வாங்குவதென்றால் அதுதான்.

ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கிப் பாருங்கள். தண்டு மடங்கி, இலை ஒட்டிக்கொண்டிருந்தால் சரியான பதம். இலை பொடிந்து கையில் தூளாக உதிர்ந்தால் அதிகம் காய்ந்தது, சத்து வயலிலேயே கொட்டிவிட்டது. வெள்ளைப் புழுதி பறந்து புழுங்கல் வாடை வந்தால் வாங்காதீர்கள். வேர்மண்ணை உதறிக் கட்ட வேண்டும். மண்ணோடு தின்றால் கழிச்சல் வரும். ஒரு ஏக்கர் கொடி ஏறக்குறைய ஒரு டன். ஆறு ஆட்டுக்குத் தலா 400 கிராம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 கிலோ தேவைப்படும். தரையில் படாமல் கல்லும் கம்பும் பரப்பி அதன் மேல் அடுக்க வேண்டும். உளுந்துப் பொட்டும் துவரம்பொட்டும் மலிவாகக் கிடைக்கிற ஊரில் கொடியின் ஒரு பகுதிக்குப் பதிலாக அவற்றைப் போடலாம்.

சோளத்தட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. பூக்காத இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடிப் பிறகு மழையில் துளிர்த்த மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு அதிகம். தின்ற அரை மணிக்குள் ஆடு மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். மருத்துவர் சோடியம் தயோசல்பேட் ஊசி போடும் வரை தாங்குவதே கடினம். பூத்த பிறகு வெட்டிக் காயவைத்த தட்டை பாதுகாப்பானது. மரவள்ளி இலையும் அப்படித்தான், நன்றாக வாடிய பிறகே கொடுக்க வேண்டும்.

வேலிக்கருவை நெற்று

சீமைக்கருவேல மரத்தின் காய்தான் இது. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கோடையில் கொட்டிக் கிடக்கும். இனிப்புச் சத்து அதிகம், ஆடு தேடித் தின்னும். முழு நெற்றாகப் போட்டால் விதை உடையாமல் புழுக்கையோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்து உங்கள் வயலிலேயே முளைக்கும். அரைத்துப் போடுவதே நல்லது. மதிய வெயிலில் காயவைத்து, ஒடித்தால் டக்கென்று முறியும் சூட்டிலேயே அரைவைக்குக் கொண்டுபோக வேண்டும். மாலைவரை வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பாகு போலாகி இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதைச் சேர்க்கலாம். இதையே முழுத் தீவனமாக்கினால் வயிறு கட்டும்.

அடர்தீவனம்

உடைத்த மக்காச்சோளம் 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 37, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. இந்த நூறு கிலோவில் புரதம் 17 சதவீதம் வரும். கடைத் தீவனத்தைவிட இது மேல் என்பது எங்கள் முடிவு, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். எல்லா ஆட்டுக்கும் இது தேவையில்லை. சினையின் கடைசி ஆறு வாரத்தில் 200 கிராம், இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுக்கும்போது 300, பால் மறக்கும் குட்டிக்கு 50-ல் தொடங்கி 100, இனச்சேர்க்கைப் பருவத்தில் கிடாவுக்கு 250. வேலிமசால் தின்னும் வெற்றுப் பெட்டைக்குக் கொடுத்தால் கொழுப்பாகச் சேர்ந்து, சினை பிடிப்பதுகூடத் தாமதமாகும்.

புண்ணாக்கைக் கட்டியாக வாங்கி உடைத்துப் பாருங்கள். உட்பக்கம் பச்சை, சாம்பல் படிந்திருந்தால் ஆஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வாய்ப்பு அதிகம். வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது.

தானியத்தால் வரும் சாவுதான் நம் ஊரில் அதிகம். விசேஷ வீட்டு மிச்சச் சோறு, புளித்த மாவு, அவிழ்ந்துகிடந்த அரிசி மூட்டை. வயிற்றில் அமிலம் ஏறி, ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்து, அசை போடுவதை நிறுத்தும். மருத்துவர் வருவதற்குள் 20 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அதிகம் தூக்காமல் சிறிது சிறிதாக ஊற்றலாம்; தலையை நிமிர்த்திப் பிடித்தால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். புதுத் தீவனம் எதையும் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகவே ஏற்ற வேண்டும். மழைக்குப் பின் துளிர்த்த புல்லில் திடீரென்று மேயவிட்டால் துள்ளுமாரி என்ற குடல் நஞ்சு நோய் வரும். தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவுக்கு எவ்வளவோ பேச்சு இருக்கிறது. அதில் உலர்பொருள் 5 முதல் 7 சதவீதம்தான்: கால் கிலோ அள்ளிக் கொடுத்தால் வயிற்றில் சேர்வது ஏறக்குறைய 15 கிராம். கோழிக்கு நன்று. தட்டில் முளைகட்டிய மக்காச்சோளமும் இப்படியே. ஒரு கிலோ ஆறு ஏழு கிலோவாகத் தெரிந்தாலும் கூடியது தண்ணீர்தான், உலர்பொருள் கொஞ்சம் குறையவே செய்கிறது. பூஞ்சைத் தொல்லை வேறு.

கடைசியாகக் கறிக்கு வளர்க்கும் காயடித்த கிடாக்குட்டிகள். தவிடு, தானியம் அதிகமானால் பாஸ்பரஸ் கூடி மூத்திரக் கல் வரும். குட்டி முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நிற்கும், சொட்டுச் சொட்டாகத்தான் போகும், குறியைச் சுற்றிய முடியில் வெள்ளையாக மணல் போல ஒட்டியிருக்கும். இவற்றுக்குத் தவிட்டைப் பாதியாகக் குறைத்து, சுண்ணாம்புச் சத்து மிகுந்த வேலிமசாலைக் கூட்டி, தண்ணீர்த் தொட்டியை நிழலில் வைத்துத் தினமும் கழுவ வேண்டும். தண்ணீர் சூடாகவோ அழுக்காகவோ இருந்தால் வெள்ளாடு குடிக்காது. முக்குவதைப் பார்த்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாமதித்தால் மூத்திரப்பை வெடித்துவிடக்கூடும்.