ஜோகன்னஸ்பர்க் நீலமா, டர்பன் ஆரஞ்சா? பழைய டூ-ஸ்ட்ரோக் வாங்கப் போன கதை

போன மாதம் மண்பாதையில் ஓட்டும் இரண்டு பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு நடுவே அல்லாடினேன். ஒன்று ஜோகன்னஸ்பர்க்கில் விலைக்கு வந்த நீல நிற யமஹா ஒய்இசட்250. கார்புரேட்டர், கிக்கர், ஆயிலைப் பெட்ரோலில் நாமே கலந்து ஊற்ற வேண்டும். இன்னொன்று நான் இருக்கும் தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனிலேயே, சாட்ஸ்வொர்த்தில் நின்ற கேடிஎம் 300 இஎக்ஸ்சி டிபிஐ. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், பட்டன் ஸ்டார்ட், ஆயிலுக்குத் தனி டேங்க்.

ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். புதுமை என்று பேசப்படும் கேடிஎம்தான் அந்த ஆர்எக்ஸ் மாதிரி: பம்ப் தானாகவே ஆயிலைக் கொடுத்துக்கொள்ளும். ஒய்இசட் அதைவிடப் பழைய வழி. 30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு 2டி ஆயில் என்கிறது கம்பெனி. ஆனால் ஆர்எக்ஸ் நினைப்பில் 'தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டுக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். இந்த இரண்டிலுமே சிலிண்டருக்குள் இருப்பது நிக்கல் கலந்த கடினப் பூச்சு. கீறல் ஆழமாக விழுந்தால் மறுபூச்சு, இல்லையென்றால் புது சிலிண்டர். அதனால்தான் வாங்கும் முன்பே உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் காற்று. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) போட்டிருப்பார்கள். அதே வண்டி கடற்கரைக்கு இறங்கியதும் காற்று கூடிவிடும், பெட்ரோல் கூடாது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் கூடவே ஆயிலும் குறைகிறது. நாலு வருடம் முன்பு இது தெரியாமல் மேலேயிருந்து ஒரு வண்டியைக் கொண்டுவந்தேன். மூன்றாவது ஞாயிறு, கரும்புத் தோட்டத்து மண்பாதையில் நாலாவது கியரில் முறுக்கிக்கொண்டு போகையில் பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. பிஸ்டன் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. விற்றவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் ஊரில் அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜெக்‌ஷன் உள்ள கேடிஎம் டிபிஐக்கு இந்தத் தலைவலி கிடையாது. சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்து பெட்ரோல் அளவைத் தானே மாற்றிக்கொள்ளும். சானி கணவாய் ஏறி 2,800 மீட்டருக்கு மேலே பக்கத்து மலைநாடான லெசோத்தோ போகிறவர்கள், அங்கே 1967இல் தொடங்கிய ரூஃப் ஆஃப் ஆப்ரிக்கா மலைப் பந்தயத்தைக் கனவு காண்கிறவர்கள், மேலே படிக்க வேண்டியதில்லை. கேடிஎம் வாங்குங்கள்.

எனக்கு அந்தக் கனவு இல்லை. அப்புறம் எதைப் பார்த்தேன்?

அழுக்கைப் பார்த்தேன். ஜோகன்னஸ்பர்க்காரர்கள் பழைய தங்கச் சுரங்க மண்மேடுகளில் ஓட்டுவார்கள். மாவு போன்ற அந்த மஞ்சள் தூசி ஃபில்டரைத் தாண்டினால் ரிங்கைத் தின்றுவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் சுத்தமான விரலை விட்டுத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் ஒட்டியது, நறநறப்பு இல்லை. டர்பன் வண்டிக்கு எதிரி உப்புக்காற்று. ஸ்போக் நிப்பிள், ரேடியேட்டர் ஓரம், ஸ்விட்ச் ஒயர் முனை எல்லாவற்றிலும் வெள்ளைப் பூப்பு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஒயர் முனையில் பூப்பு என்றால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

அடுத்தது சைலன்சர். ஸ்ப்ரிங்குகளை இழுத்துவிட்டு முன்குழாயைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் துளை வழியாக பிஸ்டன் தெரியும். டார்ச் அடித்து, கிக்கரை மெல்ல அமுக்கி, பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். மங்கலான சாம்பல் நிறம், நேர்கோடாக இரண்டு மூன்று மெல்லிய தடங்கள், நகத்தில் தட்டுப்படாதவை. பரவாயில்லை. அலுமினியம் வழித்தெடுத்த மாதிரி பட்டையாக இருந்தால் அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். விற்பவர் கழற்ற விடவில்லை என்றாலும் அதே நன்றிதான்.

கிக்கருக்கு இன்னொரு பயன்: கம்ப்ரஷன் காலிலேயே தெரியும். கேஜ் வைத்துப் பார்ப்பதானால், மேட்டு ஊரில் எண் குறைவாகவே காட்டும், பயந்துவிடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் எதையும் சொல்லாது. சாட்ஸ்வொர்த் தம்பிக்குப் பெயர் தமிழ், பேச்சு முழுக்க ஆங்கிலம், நடுநடுவே என்னை மட்டும் 'அண்ணா'. நான் போவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார். சிலிண்டரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, ஐடில் தானாக ஏறுகிறதா, வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்த்தால்தான் கிராங்க் சீலின் (கிராங்க் தண்டின் இரு முனையிலும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) லட்சணம் புரியும். ஐடில் ஏறினால் காற்று இழுக்கிறது. புகை நிற்காவிட்டால் கியர் ஆயிலைக் குடிக்கிறது. அவருடைய ஆயில் டேங்க் மூடியைச் சுற்றிலும் காய்ந்த சேறு. ஊற்றும்போது அதில் ஒரு துளி உள்ளே போயிருந்தாலும் போய்ச் சேர்வது பம்புக்குத்தான். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

ஷாக் விஷயத்தில் மட்டும் கேடிஎம் எளிது: ஷாக்கைப் பின்சக்கரக் கையோடு இணைக்கும் லிங்கேஜ் இல்லை, அதன் பேரிங் செலவும் இல்லை. ஒய்இசட்டை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரத்தை மேலே இழுத்தபோது 'டொக்' என்றது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன். இரண்டிலும் சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் பேப்பரோடு ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தன.

கடைசியில் நீலத்தையே எடுத்தேன். கேடிஎம் நல்ல வண்டி இல்லை என்பதால் அல்ல. பழைய வண்டியில் என் கண்ணுக்கும் காலுக்கும் தெரியாத இடங்கள் குறைவாக இருக்க வேண்டும். லைட்டும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை, எனவே நண்பரின் பக்கியில் ஏற்றிவந்தோம். (பிக்-அப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர், ஊர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம்.) வீடு சேரும்போது இரவு பத்து மணி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றார் நண்பர். கார்புரேட்டரைத் திறந்து மெயின் ஜெட்டை மாற்றும்வரை பெட்ரோல் குழாயை மூடியே வைத்திருந்தேன்.